1965–66 மஸ்டாங்கைப் புதுப்பிக்கும் முறை: தகட்டில் தொடங்கி எஞ்சினில் முடியுங்கள்

பழைய அமெரிக்க மசில் காரைக் கையிலெடுப்பவர்களில் பலர் முதல் பணத்தை எஞ்சினில்தான் போடுகிறார்கள். பெரிய கார்புரேட்டர், உறுமும் சைலன்ஸர், பளபளக்கும் வால்வு கவர். கடைசியில் எஞ்சின் பிரமாதமாக ஓடும், காரை மட்டும் சாலையில் இறக்க முடியாது. தரைத் தகட்டில் ஓட்டை இருக்கும், பிரேக்கை நம்ப முடியாது, வயரிங் எப்போது புகையும் என்று தெரியாது. ஆகவே வேலையின் வரிசையை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். உடற்கூடு முதலில். அடுத்து பிரேக்கும் சஸ்பென்ஷனும். பிறகு வயரிங், பெட்ரோல் டேங்க், ரேடியேட்டர். குதிரைத்திறனைக் கூட்டுவது எல்லாவற்றுக்கும் பின்னால்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கார் 289 கன அங்குல வி8 எஞ்சின் உள்ள 1965, 1966 ஃபோர்டு மஸ்டாங். நடுத்தர உடலில் 389 எஞ்சினை வைத்து 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வைத்தான் மசில் கார் என்று சொல்ல வேண்டும், மஸ்டாங் அதைவிடச் சிறிய உடல் கொண்ட ‘போனி கார்’ வகை என்று கறாராகப் பேசுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல கார் கிடையாது. 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமாகி முதல் ஆண்டிலேயே நான்கு லட்சத்துக்கு மேல் விற்ற கார் இது. அதனால் தரைத் தகட்டிலிருந்து கதவுக் கைப்பிடித் திருகுவரை ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பானெட்டைத் திறந்து இடப்பக்க உள் ஃபெண்டரின் மேல் விளிம்பைப் பாருங்கள். அமெரிக்காவில் ஓட்டுநர் உட்காருவது அந்தப் பக்கம்தான். அங்கே வண்டி எண் குத்தப்பட்டிருக்கும். முதல் இலக்கம் ஆண்டு: 5 என்றால் 1965, 6 என்றால் 1966. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி (எஸ்-க்கு அடுத்த எழுத்து) மெடச்சன். பிறகு வரும் இரண்டு இலக்கங்கள் உடல் வகை: 07 ஹார்ட்டாப், 08 கன்வர்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். ஐந்தாவது இடத்திலுள்ள எழுத்துதான் எஞ்சின். சி என்றால் இரட்டைக் குழல் கார்புரேட்டர் கொண்ட 200 குதிரைத்திறன் 289. ஏ என்றால் நான்கு குழல், 225. கே என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் 289. அதே டி இங்கே வந்தால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர்.

கதவில் ஒட்டிய தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் தகடுகளை இன்று யார் வேண்டுமானாலும் புதிதாக அச்சடித்து வாங்கலாம். உள் ஃபெண்டரில் குத்திய எண்ணும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

கே எழுத்துக் கார் கிடைத்தால் அதை மாற்றியமைக்கக் கூடாது. பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டும். அதன் மதிப்பே மாறாத பாகங்களில்தான் இருக்கிறது. மாற்றங்கள் செய்ய ஏற்றது சி எழுத்து ஹார்ட்டாப். எண்ணிக்கையில் அதிகம், விலையும் குறைவு. ஆறு சிலிண்டர் காரை மலிவாக வாங்கி வி8 ஆக்கலாம் என்ற எண்ணம் பலருக்கு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு சிலிண்டரில் சக்கரத்துக்கு நான்கு நட்டு, வி8-இல் ஐந்து. பின் ஏக்சில், முன் ஸ்பிண்டில், பிரேக், ஸ்டீயரிங் இணைப்புகள், ஸ்பிரிங், ரேடியேட்டர் எல்லாமே வேறு. அவ்வளவையும் மாற்றி முடிக்கும்போது ஒரு வி8 காரே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

துருவைத் தேடக் காந்தம், டார்ச், முனை மழுங்கிய ஸ்குரூடிரைவர், ஒரு வாளி தண்ணீர் போதும். முதலில் தண்ணீர். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்களுக்கு அடியில், வரிவரியாகத் திறப்புகள் உள்ள இடத்துக்கு கவுல் என்று பெயர். அதற்குள் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது முன் ஃபெண்டர்களுக்குப் பின்னால் வடிந்து தரைக்கு வர வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில், காருக்குள் சொட்டினால் கவுல் அரித்துப்போயிருக்கிறது. முதல் தலைமுறை மஸ்டாங்கின் மிகப் பொதுவான நோய் இது. உள்ளே இருக்கும் காற்றுத் துளையின் கழுத்தைச் சுற்றி இலையும் மண்ணும் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன. கழுத்து அரித்ததும் மழைநீர் நேராகக் கால் வைக்கும் இடத்துக்கு வருகிறது. தரை துருப்பிடித்திருந்தால் பெரும்பாலும் காரணம் மேலேதான் இருக்கும். கவுலைச் சரிசெய்யாமல் புதுத் தரை போட்டால் அந்தத் தரையும் கெடும்.

அடுத்து பேட்டரிக்கு அடியிலுள்ள உள் ஃபெண்டர். அமிலம் கசிந்து தகட்டைத் தின்றிருக்கும், சில கார்களில் கீழிருக்கும் பிரேம் ரெயில்வரை இறங்கியிருக்கும். முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் உட்காரும் ஷாக் டவர்களில், மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை உடற்கூட்டோடு இணைக்கும் கை) போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பின் சக்கரங்களுக்கு மேலுள்ள ரெயில்கள், டிக்கியின் இரு ஓரங்கள், கதவுகளின் அடி விளிம்பு ஆகியவற்றையும் விடக் கூடாது. பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது.

மஸ்டாங்குக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடற்கூடுதான் சட்டம். அதனால் ஒரு சோதனை அவசியம். முன் சக்கரத்துக்குப் பின்னால் கதவடிப் பெட்டியின் கீழ் ஜாக்கி வைத்து மெல்லத் தூக்குங்கள். கதவு இடைவெளி கண்ணில் படும்படி மாறினாலோ, திறந்து மூட முடியாமல் கதவு இறுகினாலோ பாரம் தாங்கும் பெட்டிகள் உள்ளுக்குள் போய்விட்டன. கன்வர்டிபிளில் இது இன்னும் முக்கியம். கூரை இல்லாததால் முழு பலமும் கீழ்ப் பகுதியில்தான் இருக்கிறது.

கழற்றும்போது

பேட்டரியைத் துண்டியுங்கள், பெட்ரோல் டேங்கைக் காலிசெய்து கழற்றி வெளியே வையுங்கள். பிறகுதான் மற்ற வேலை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் மூன்று கோணங்களில் படம் எடுங்கள். போல்ட்டுகளைச் சிறு பைகளில் போட்டு, ‘இடது கதவு மேல் கீல்’ என்பதுபோல் முழுப் பெயரை எழுதுங்கள். வெறும் ‘கதவு’ என்று எழுதிய பை ஒரு வருடம் கழித்து எதற்கும் உதவாது. எவ்வளவு கெட்டுப்போன பழைய பாகமானாலும் புதியது பொருந்தி உட்காரும்வரை வீசாதீர்கள். புதிதாகச் செய்து வரும் தகடுகளில் துளைகள் தள்ளியிருப்பது சகஜம். அளவு பார்க்கப் பழையதுதான் ஆதாரம்.

உயிருக்கே ஆபத்தான இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று முன் காயில் ஸ்பிரிங். இந்தக் காரில் அது மேல் கன்ட்ரோல் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பரையும் அதன் மேல் தாங்கியையும் கழற்றியபின், டவர் வழியாக உள்ளே இறங்கும் வகைக் கம்பிரசரால் ஸ்பிரிங்கை அமுக்கித்தான் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து இரண்டு கொக்கி மாட்டும் மலிவுக் கருவி இங்கே நழுவும். இரண்டாவது தூசி. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள், தூசி வடிகட்டும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

தகட்டு வேலை

உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் போகும். முதல் விதி: வெட்டும் முன் அளவெடுங்கள், தாங்கல் கொடுங்கள். கதவுச் சட்டங்களின் மூலைக்கு மூலை அளந்து, இருபக்க அளவுகளையும் எழுதிவையுங்கள். கதவுத் திறப்பில் சதுர இரும்புக் குழாயைக் குறுக்கே பற்றவைத்து இறுக்குங்கள். பாரம் சக்கரங்களில் நிற்கும் அதே நிலையில், ஏக்சில்களுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். நடுவில் தூக்கி நிறுத்திய காரில் தரையைப் பற்றவைத்தால், சக்கரத்தில் இறக்கிய பிறகு கதவு மூடாது. அப்போது திருத்த வழியில்லை, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வெட்டாதீர்கள். இடது தரையை முடித்துவிட்டு வலதுக்குப் போங்கள். பழைய ஸ்பாட் வெல்டுகளை அதற்கென்று வரும் துளைப்பானால் மேல் தகட்டை மட்டும் துளைத்துப் பிரியுங்கள். கவுல் மாற்ற நூற்றுக்கும் மேற்பட்ட வெல்டுகளைத் துளைக்க வேண்டியிருக்கும். ஃபெண்டர், டேஷ்போர்டு, முன் கண்ணாடி எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனாலும் காற்றுத் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் வளையம் ஒட்டி அடைக்கும் குறுக்குவழி நிற்காது. உள்ளே இருக்கும் துரு அதற்கு அடியில் வளர்ந்துகொண்டே போகும்.

பற்றவைக்க மிக் வெல்டர் போதும். கம்பி 0.6 மில்லிமீட்டர், வாயு 75 சதவீத ஆர்கான், 25 சதவீத கார்பன் டை ஆக்ஸைடு. பழைய ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் புதுத் தகட்டில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு, அடியிலுள்ள தகட்டோடு உருகிச் சேரும்படி நிரப்புங்கள். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பில் வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும். வெல்டு விழும் புள்ளியில் மட்டும் அதைச் சுரண்டிவிடுங்கள். இல்லையென்றால் வெல்டு நுரைத்துத் துளை விழும்.

வெளித்தகட்டில் தொடர்ச்சியாகக் கோடு இழுக்கவே கூடாது. ஒரு புள்ளி வைத்து, ஒரு சாண் தள்ளி அடுத்த புள்ளி, பிறகு எதிர்முனைக்குப் போய் இன்னொன்று. தொட்டுப் பார்த்து ஆறிய பிறகே இடைவெளியை நிரப்புங்கள். அவசரப்பட்டால் சூடு ஓரிடத்தில் சேரும், தகடு விரியும், ஆறும்போது சுருங்கி அலையடிக்கும். அந்த அலையை எவ்வளவு பட்டி போட்டாலும் வெயிலில் மறைக்க முடியாது.

பெயின்ட்டை அகற்ற மணல் வீசும் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் பானெட், கூரை, கதவுத் தகடு போன்ற தட்டையான பாகங்களைக் கொடுக்காதீர்கள். மணல் மோதிய பக்கம் விரிந்து தகடு வளைந்துவிடும். அவற்றுக்குக் கெமிக்கல் ரிமூவரும் உப்புத்தாளும் போதும். வெறும் இரும்பு வெளியே தெரிந்த அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். கைவிரல் பட்ட இடத்தில்கூட அடுத்த நாள் துரு பூக்கும்.

பிறகு வரும் வரிசை: எபாக்ஸி, மூட்டுகளில் சீம் சீலர், பட்டி, சர்ஃபேஸர் பிரைமர், உப்புத்தாள், நிறம், கிளியர். பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் தகட்டை இன்னும் தட்டி நேராக்க வேண்டும் என்று பொருள். பெயின்ட் அடிக்கும் முன் ஃபெண்டர், கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டி இடைவெளி சரிபார்த்துவிடுங்கள். பெயின்ட்டுக்குப் பிறகு சரிசெய்யப் போனால் விளிம்புகள் உரியும். இரட்டைக் கலவை யூரிதேன் கிளியரில் ஐசோசயனேட் உண்டு. வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிக்கவே வேண்டாம். அந்தக் கட்டத்தை மட்டும் பெயின்ட் கடைக்கு விடுவதே நல்லது.

பிரேக்

1966 வரை மஸ்டாங்கின் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967-இல்தான் ஃபோர்டு இதில் இரட்டை அறை வைத்தது. காரை எவ்வளவுதான் பழைய வடிவில் வைத்திருக்க விரும்பினாலும் இந்த ஒன்றை மாற்றுங்கள். டிரம் பிரேக்கையே வைத்துக்கொண்டால் 1967 டிரம் வகை இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பொருந்தும். முன்னால் டிஸ்க் போடுவதாக இருந்தால் டிஸ்க்-டிரம் வகைதான் வேண்டும், பின் பிரேக்குக்கு அழுத்தம் குறைக்கும் வால்வும் வேண்டும். காரணம் இருக்கிறது. டிரம் வகைச் சிலிண்டர் குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்கும் ஸ்பிரிங் அதைத் தாங்கும். டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் கிடையாது, பேட் ஒட்டிக்கொண்டே உரசி டிஸ்க் பழுக்கும்.

டிரம்மில் புதியவர்கள் அதிகம் தவறும் இடம் ஷூக்களை மாற்றி மாட்டுவது. லைனிங் நீளம் குறைந்த ஷூ காரின் முன்பக்கம் பார்த்து வர வேண்டும். தானாக இறுக்கும் திருகு இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு. மாறினால் அது இறுகாமல் தளர்ந்துகொண்டே போகும்.

குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பெரும்பாலானவை 3/16 அங்குலம். முனைகளை இரட்டை மடிப்பாகத்தான் விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு பிரேக் அழுத்தத்தில் பிளக்கும். செம்பு-நிக்கல் குழாய் எஃகைவிடக் கையில் எளிதாக வளையும், துருவும் பிடிக்காது. குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வரிசை: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். டாட் 3 திரவம் போதும். சிலிகான் டாட் 5-ஐ அதோடு கலக்கக் கூடாது.

முன் சஸ்பென்ஷன்

குறைந்த செலவில் காரின் குணத்தையே மாற்றும் வேலை ஒன்று இங்கே உண்டு. மேல் கன்ட்ரோல் ஆர்ம் பொருந்தும் இரண்டு துளைகளையும் ஷாக் டவரில் 1 அங்குலம் கீழே இறக்குவது. ஃபோர்டு பொறியாளர் கிளவுஸ் ஆர்னிங் வகுத்த வடிவம் இது. மஸ்டாங்கின் வேக வடிவமான 1965 ஷெல்பி ஜிடி350-இல் இப்படித்தான் இருந்தது. பழைய இடத்தில் ஆர்ம் இருக்கும்போது, திருப்பத்தில் கார் சாய்ந்தால் வெளிச்சக்கரம் வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து டயரின் ஓரத்தில் நிற்கிறது. இறக்கியபின் டயர் தரையில் தட்டையாகப் பதிகிறது. அச்சுத் தகடு ஒன்றை வாங்கி, பழைய துளைகளில் பொருத்தி, புதியவற்றைத் துளையிட வேண்டும். எஞ்சின் அறைக்குப் பெயின்ட் அடிக்கும் முன் செய்துவிடுங்கள். 1 அங்குலத்துக்கு மேல் வெகுவாக இறக்கினால் பால் ஜாயின்ட்டின் கோணம் எல்லைக்குப் போய் இறுகும். அதற்குத் தனி ஆப்பு வேண்டும், சாலைக் காருக்கு அது தேவையில்லை.

ஷாக் டவர்களை எஞ்சின் அறையின் பின்சுவரோடு பிணைக்கும் ஒற்றை எக்ஸ்போர்ட் பிரேஸ் நிச்சயம் போடுங்கள். டவர்கள் உள்ளே சாய்வதைத் தடுக்கிறது. டவர் ஏற்கெனவே சாய்ந்திருந்தால் பிரேஸின் துளைகள் பொருந்தாது. அப்போது துளையை அரத்தால் பெரிதாக்காமல் டவரை இழுத்துச் சரிசெய்யுங்கள்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, அதாவது கீழ் ஆர்மையும் பின் பட்டை ஸ்பிரிங் கண்களையும், கார் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும், காரும் உயரமாக நிற்கும். வேகத்தடையில் ‘கீச்’ என்ற சத்தம் வந்தால் ஸ்பிரிங் உட்காரும் சேணத்தின் ரப்பர் போயிருக்கும். கழற்றியிருக்கும்போதே புதியதைப் போடுங்கள்.

வீல் அலைன்மென்ட் கடையில் பழைய கையேட்டின் எண்களை வைக்க விடாதீர்கள். அவை அந்தக் காலத்துக் குறுக்கிழை டயர்களுக்கானவை. ரேடியல் டயருக்கு காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) 2 முதல் 3 டிகிரி பாசிட்டிவ், கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) அரை டிகிரி நெகட்டிவ், டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1/8 அங்குலம். 1965–66-இல் காஸ்டர், கேம்பர் இரண்டையும் மேல் ஆர்முக்குப் பின்னால் செருகும் ஷிம் தகடுகளால்தான் சரிசெய்ய வேண்டும். இளைய மெக்கானிக்குகளுக்கு இது பழக்கமிருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வயரிங், பெட்ரோல் டேங்க், ரேடியேட்டர்

அறுபது ஆண்டு பழைய வயரிங்கை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயலாதீர்கள். முழு ஹார்னஸும் பழைய வண்ணக் குறிகளோடு புதிதாகக் கிடைக்கிறது. ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகப் போவதால் ஸ்விட்ச் சூடாகும். இரண்டு ரிலே சேர்த்தால் வெளிச்சமும் கூடும், ஸ்விட்சும் பிழைக்கும். அதிகத் திறன் ஆல்டர்னேட்டர் போட்டால் பழைய சார்ஜ் கம்பியை விட்டுவைக்காதீர்கள், அது உருகும். தடிமனான புதுக் கம்பியும் ஃப்யூஸும் வேண்டும். எஞ்சினிலிருந்து பின்சுவருக்குப் போகும் எர்த் பட்டையைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள். பெயின்ட் மேல் இறுக்கிய எர்த்தால் வரும் கோளாறுகள் எல்லா இடத்திலும் தலைகாட்டும், காரணம் மட்டும் பிடிபடாது.

16 கேலன் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கமே இந்தக் காரில் டிக்கியின் தரை. பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே இரும்புத் தடுப்பு கிடையாது. பின்னால் மோதினால் பெட்ரோல் உள்ளே வர வழி இருக்கிறது. பின் சீட்டுக்குப் பின்னால் எஃகுத் தகடு ஒன்றைப் பொருத்தி ஓரங்களை அடைத்துவிடுங்கள். இடுப்பு பெல்ட்டுக்குப் பதிலாகத் தோளையும் பிடிக்கும் பெல்ட்டையும் அப்போதே போட்டுவிடலாம். பழைய ரப்பர் ஹோஸ்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் உள்ளிருந்து உதிரும். 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள்.

வி8 மஸ்டாங்கின் ரேடியேட்டர் சிறியது. நின்று நகரும் நெரிசலில் சூடேறுவது இதன் பிறவிக் குணம். மூன்று வரிசை ரேடியேட்டரும் விசிறியைச் சுற்றி ஷ்ரவுடும் (காற்றைச் சிதறாமல் இழுக்க உதவும் கூடு) போட்டால் பெரும்பாலும் தீரும். மெதுவாகப் போகும்போது சூடேறினால் காற்று போதவில்லை. வேகத்தில் சூடேறினால் தண்ணீர் ஓடவில்லை. அப்போது கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள், உள்ளே சுருள் கம்பி உள்ள ஹோஸ்தான் அங்கே வேண்டும்.

எஞ்சின்

எஞ்சினை இறக்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். குறைவான சிலிண்டரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. சூடான எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 35 பிஎஸ்ஐ எண்ணெய் அழுத்தமாவது காட்ட வேண்டும்.

289-இன் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 2.87. சுவர் மெல்லியது. போர் பண்ணும்போது, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும்போது, 0.030 அங்குலம் கவலையில்லாமல் போகலாம், 0.040 எல்லை. அதற்கு மேல் போனால் சுவர் தடிமனை அல்ட்ராசோனிக்கில் அளக்காமல் செய்யக் கூடாது. ஹெட்டைக் கடைக்குக் கொடுக்கும்போது எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் போடச் சொல்லுங்கள். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டைப் பாதுகாத்தது, இன்றைய பெட்ரோலில் அது இல்லை. 1966-இன் நடுவில் ஃபோர்டு ராக்கர் வடிவத்தை மாற்றியது. முந்தைய ஹெட்டில் புஷ்ராடுக்கு வழிகாட்டும் குறுகிய துளை உண்டு, பிந்தையதில் ராக்கரின் முனையே வால்வைக் கவ்வி நிற்கும். இரண்டையும் கலந்தால் ராக்கர் நழுவிவிடும். பாகம் வாங்கும் முன் ஹெட்டைப் பாருங்கள்.

கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின் மெயின் சீல் முதலில் கயிறு வகையில் வந்தது. ரப்பர் சீல் போடும்போது மெயின் கேப்பின் பள்ளத்தில் கயிற்றைப் பிடிக்கும் சிறு முள் இருந்தால் அதைப் பிடுங்கித் துளையை அடைக்க வேண்டும். விட்டுவிட்டால் புது எஞ்சின் முதல் நாளே ஒழுகும். டைமிங் செயினுக்கு நைலான் பல் கொண்ட கேம் சக்கரம் (கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் தண்டு) இருந்தால் உடனே மாற்றுங்கள். நைலான் உதிர்ந்து எண்ணெய்ச் சல்லடையை அடைக்கும்.

இறுக்கம், அடி-பவுண்டில்: மெயின் கேப் 60–70, கனெக்டிங் ராடு 19–24, ஹெட் 65–72. ஹெட்டை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

திறனைக் கூட்டும்போது கார்புரேட்டர் அளவில் ஆசை வேண்டாம். 289 கன அங்குலத்தை 6000 சுற்றால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் 502 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 502 கன அடி காற்று. அதுவும் சிலிண்டர் நூறு சதவீதம் நிரம்பினால்தான். ஏ எழுத்துக் காரில் ஃபோர்டே வைத்த நான்கு குழல் ஆட்டோலைட் 4100 ஏறக்குறைய 480. ஆக 600 தாராளம். 750 போட்டால் காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாகக் கலக்காது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் எஞ்சின் தடுமாறும். நான்கு குழல் இன்டேக், 0.050 அங்குல லிஃப்டில் 210–218 டிகிரி உள்ள மிதமான கேம், நல்ல எக்ஸாஸ்ட் ஹெடர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் சாலைக்குப் போதுமான விறுவிறுப்பு வரும்.

289-க்குப் பதில் 1980-களின் 5.0 லிட்டர் எஞ்சினைப் போடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 289-இன் முன் பேலன்ஸரும் ஃப்ளைவீலும் 28 அவுன்ஸ் சமநிலை எடைக் கணக்கு, பிந்தைய 5.0-க்கு 50 அவுன்ஸ். மாற்றிப் போட்டால் எஞ்சின் அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். உயர்திறன் வகையான 5.0 எச்.ஓ.-வில் சிலிண்டர்கள் பற்றும் வரிசையும் வேறு: 1-3-7-2-6-5-4-8. 289-க்கு 1-5-4-2-6-3-7-8. இதில் 7-ம் 8-ம் அடுத்தடுத்துப் பற்றும் பக்கத்துச் சிலிண்டர்கள். அவற்றின் பிளக் கம்பிகளை ஒட்டி ஓட விட்டால் ஒன்றின் தீப்பொறி மற்றதில் தாவும், பிரித்துக் கட்டுங்கள்.

பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பது நல்ல மாற்றம். ஆனால் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் இளஞ்சிவப்புக் கம்பி சாதாரணக் கம்பி அல்ல, மின்தடைக் கம்பி. காயிலில் 12 வோல்ட்டுக்குக் குறைவாகத்தான் வரும். நீங்கள் வாங்கிய மாட்யூல் முழு 12 வோல்ட் கேட்டால் ரிலே வழியாகத் தனிக் கம்பி கொடுங்கள்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது

புதுக் கேம் முதல் அரை மணி நேரத்தில்தான் பிழைக்கும் அல்லது சாகும். தட்டையான லிஃப்டர் உள்ள கேமில் லிஃப்டரும் கேமும் ஒன்றையொன்று தேய்த்துப் பழக வேண்டும். மெதுவான ஓட்டத்தில் எண்ணெய் அங்கே போதுமான அளவு தெறிக்காது. அதனால் ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து 20 முதல் 30 நிமிடம் 2000–2500 சுற்றில், சற்றே ஏற்றி இறக்கி, ஓட விடுங்கள். ஐடிலில் விடவே கூடாது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கூடுதலாக உள்ள எண்ணெய்தான் வேண்டும், இன்றைய பெட்ரோல் கார் எண்ணெய்களில் அவை குறைக்கப்பட்டுவிட்டன. வால்வுக்கு இரட்டை ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கை இந்த ஓட்டம் முடியும்வரை மாட்டாதீர்கள்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தாக வேண்டும். நீண்ட நேரம் ஸ்டார்ட்டரில் சுற்றினால் கேமில் பூசிய பசை வழித்துப் போய்விடும். அதற்காக முன்கூட்டியே மூன்று காரியம் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளையில் 1/4 அங்குல அறுகோணப் பாக்ஸை இறக்கி, டிரில்லை எதிர்த்திசையில் ஓட்டி எண்ணெய் பம்பைச் சுற்றுங்கள். எல்லா ராக்கரிலும் எண்ணெய் வரும்வரை நிறுத்தாதீர்கள். கார்புரேட்டர் கிண்ணத்தைப் பெட்ரோலால் நிரப்புங்கள். முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் மேல்நிலையில் நிறுத்தி, ரோட்டர் முதல் பிளக்கைப் பார்க்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குங்கள். எக்ஸாஸ்ட் மேல்நிலையில் வைத்துவிட்டால் எஞ்சின் கார்புரேட்டர் வழியாகத் தீயைத் துப்பும். பிளக் துளையில் விரல் வைத்துக் காற்று தள்ளுகிறதா என்று பார்த்தால் குழப்பம் இருக்காது. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

ஓட்டம் முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், ஃபில்டருடன் 5 குவார்ட்டு பிடிக்கும். பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இயல்பு. காந்தத்தில் ஒட்டும் மினுங்கும் துகள்கள் இருந்தால் கேம் தேய்கிறது, ஓட்டாமல் கழற்றிப் பாருங்கள். தீப்பொறி விழும் டைமிங்கை, வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, மேல்நிலைக்கு முன் 6 டிகிரியில் வைத்துத் தொடங்குங்கள். சாலையில் இறக்கும் முதல் நாள் வீட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு முறை திரும்பியதும் சக்கர நட்டு, பிரேக் குழாய் மூட்டுகள், ஸ்டீயரிங் முள் ஆணிகள் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். 500 மைல் முடிந்ததும் எண்ணெயை மறுபடி மாற்றி, இன்டேக் போல்ட்டுகளையும் ஹெடர் போல்ட்டுகளையும் குளிர்ந்த எஞ்சினில் மீண்டும் இறுக்குங்கள். ஹெடர் போல்ட்டுகள் சூடும் குளிரும் மாறி மாறித் தளரும் என்பதால் அதற்குப் பிறகும் சில வாரங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.